வீட்டுப் பாத்திரம் வகுப்பறைக்கு வரும்போது

“நாளை வகுப்பில் ஒன்றுகூடல் நடைபெறும். ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவதோர் உணவை அழகான பாத்திரத்தில் கொண்டு வரவும்.”

பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் இரவு எட்டு மணிக்கு இப்படியோர் அறிவித்தல் வந்தால், நமது ஊரில் எத்தனை வீடுகளில் அன்றைய நித்திரை கெடுகிறது என்பது அதை அனுப்பியவருக்குத் தெரிந்திருக்காது. உணவு செய்வது பிரச்சினையல்ல. கல்முனையில் ஓர் உம்மாவிடம் வகுப்பு முழுவதற்கும் வட்டிலப்பம் கேட்டாலும் எப்படியோ அவித்துத் தந்துவிடுவாள். பிரச்சினை “அழகான பாத்திரம்” என்ற இரண்டு சொற்களில்தான் இருக்கிறது.

நான் பழைய மாணவி. இன்று இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். ஒருத்தி நான்காம் தரத்திலும் மற்றவள் ஒன்பதாம் தரத்திலும் படிக்கிறார்கள். கல்லூரிச் சஞ்சிகைகளில் பெண் கல்வி, பண்பாடு, இலக்கியம் என்று பெரிய விடயங்கள் எழுதப்படுகின்றன. நான் எழுத எடுத்துக்கொண்டது பார்வைக்குச் சிறியது. வீட்டுப் பொருட்களைப் பாடசாலைக்கு அனுப்பும்போது “நம்மைப் பற்றி என்ன நினைப்பார்களோ” என்று பெற்றோர் படும் கவலையே அது. இதை யாரும் கூட்டத்தில் எழுந்து பேசுவதில்லை. பேசினால் வீட்டின் இல்லாமை வெளியே தெரிந்துவிடும் என்ற பயம். அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பாடசாலைக்குப் போகும் வீட்டுப் பொருட்களை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது வகை நாளாந்தம் போவது: புத்தகப் பை, தண்ணீர்ப் போத்தல், சாப்பாட்டுப் பெட்டி, அதற்குள் இருக்கும் சாப்பாடு. இரண்டாவது பாடத்துக்காகப் போவது: ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் கைவேலைக்கு வெறும் டின், நெருப்புப் பெட்டி, யோகட் கோப்பை, அட்டைப் பெட்டி, மேல் வகுப்பில் மனைப்பொருளியல் செய்முறைக்குச் சட்டி, கரண்டி, பரிமாறும் பாத்திரங்கள். மூன்றாவது விழாவுக்காகப் போவது: ஆசிரியர் தினம், சிறுவர் தினம், மாணவர் சந்தை, இல்ல விளையாட்டுப் போட்டி, கண்காட்சி என்று வருடத்தில் பல நாட்களில் மேசை விரிப்பு, பூச்சாடி, தட்டு, கண்ணாடிக் கிண்ணம் என்று போகும்.

இம்மூன்றிலும் வீடு பாடசாலைக்கு வருகிறது. பிள்ளை மட்டும் வந்தால் அவளுடைய எழுத்தும் கணக்கும் குரலும் தெரியும். வீடு வந்தால் வாப்பாவின் தொழிலும் உம்மாவின் அலுமாரியும் தெரியும். வெறும் டின்கூடப் பேசும். பெரிய பால்மா டின் வரும் வீடு ஒன்று. நானூறு கிராம் பக்கெட்டையே கவனமாகப் பாவிக்கும் வீட்டில் டின் எங்கிருந்து வரும்? “வீட்டில் வீசும் ஒரு டின்னைக் கொண்டு வாருங்கள்” என்று கேட்பவர் நல்ல மனத்தோடுதான் கேட்கிறார். ஆனால் எல்லா வீடுகளும் ஒரே பொருட்களை வீசுவதில்லை. சில வீடுகளில் எதுவுமே வீசப்படுவதில்லை. மாஜரின் பெட்டி சீனி போட வைக்கப்படுகிறது. ஐஸ்கிரீம் பெட்டி பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியாகிறது.

இந்தக் கவலை ஏழை வீடுகளுக்கு மட்டும் உரியது என்று நினைக்கக் கூடாது. கணவர் கட்டாரில் உழைக்கும் ஒரு சகோதரி என்னிடம் சொன்னார்: “அவர் அனுப்பின போத்தலைப் புள்ளைக்குக் குடுத்தா பெருமை காட்டுறாங்க எண்டு சொல்லுவாங்க. குடுக்காட்டி வெளிநாட்டுக் காசெல்லாம் எங்க போகுது எண்டு கேப்பாங்க.” கண்ணூறு படுமென்ற பயம் வேறு. இருப்பவருக்கு ஒரு பயம், இல்லாதவருக்கு ஒரு பயம், நடுவில் இருப்பவருக்கு இரண்டும்.

நம்மைப் பார்க்கும் அந்தக் கண் யாருடையது என்று கேட்டுப் பார்த்தேன். பெற்றோர் பலரும் முதலில் ஆசிரியைகளைச் சொல்கிறார்கள். ஆனால் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கும் ஓர் ஆசிரியைக்கு எந்தப் பிள்ளையின் மூடி எந்த நிறம் என்று பார்க்க நேரமில்லை. பல ஆசிரியைகள் தம் சொந்தக் காசில் கடதாசியும் பசையும் வாங்கி வருகிறார்கள். கண்கள் இருப்பது வேறிடத்தில். ஒன்று, பக்கத்துக் கதிரையில் இருக்கும் பிள்ளை. இரண்டு, அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்லும் கதையைக் கேட்கும் உம்மா. மூன்று, கைபேசி. விழா முடிந்ததும் மேசையின் படங்கள் குழுவில் வந்து விழுகின்றன. எவளுடைய பாத்திரம் எது என்று பெரிதாக்கிப் பார்க்க முடிகிறது. நாங்கள் படித்த காலத்தில் அன்றைய பார்வை அன்றோடு போனது. இன்று படமாக நின்று விடுகிறது.

நமது கரையில் இந்தக் கவலை இவ்வளவு ஆழமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடத்தில் குடி தாய் வழியில் வருவது. திருமணத்தின் பின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதும், பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பதும் இங்குள்ள வழக்கம். ஆகவே வீடும் வீட்டுச் சாமானும் பெண்ணுடைய பெயரோடு ஒட்டியவை. பெண் பிள்ளை பிறந்த நாளிலிருந்து உம்மா ஒவ்வொன்றாகச் சேர்க்கத் தொடங்குகிறாள். கண்ணாடி அலுமாரியில் அடுக்கியிருக்கும் பீங்கான் தொகுதியில் ஒருவரும் சாப்பிடுவதில்லை. அது பார்க்கப்படுவதற்காகவே இருக்கிறது. புது வீடு பார்க்க வரும் பெண்கள் குசினி வரை சென்று பார்ப்பதை எவரும் தவறாக எடுப்பதில்லை. இப்படி வீட்டுப் பொருளால் ஒரு பெண்ணை அளக்கும் பழக்கம் ஊரிலே இருக்கும்போது, தன் வீட்டுப் பாத்திரம் நாற்பது வீடுகளின் முன்னால் வைக்கப்படப் போகிறது என்றால் ஓர் உம்மா பதறாமல் இருப்பாளா? அதை வீண் பெருமை என்று சொல்லிச் சிரிப்பது நியாயமில்லை.

இந்தப் பதற்றம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமானதுமல்ல. பொருளியலின் முன்னோடியான அடம் ஸ்மித் 1776 இல் வெளியிட்ட தமது நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். உயிர் வாழ்வதற்கு லினன் சட்டை அவசியமில்லை. ஆனால் அவருடைய காலத்தில் ஒரு கூலித் தொழிலாளிகூட அது இல்லாமல் நாலு பேர் முன்னிலையில் வர வெட்கப்படுவான். ஆகவே அதுவும் அவசியப் பொருளே என்பது அவருடைய வாதம். இருநூறு வருடங்களின் பின்னர் அமர்த்தியா சென் இதே கருத்தை எடுத்து வளர்த்தார். வெட்கமில்லாமல் சமூகத்தின் முன் வர முடிவது ஒரு மனிதனின் அடிப்படைத் தேவைகளில் ஒன்று என்றும், வறுமை என்பது பசி மட்டுமல்ல என்றும் அவர் விளக்கினார். ஸ்மித்தின் காலத்து லினன் சட்டை இன்று நமது பிள்ளையின் கையில் தண்ணீர்ப் போத்தலாக இருக்கிறது. தண்ணீர் எந்தப் போத்தலிலும் ஒரே தண்ணீர்தான். ஆனால் எந்தப் போத்தலும் ஒரே போத்தல் அல்ல.

நமது நாட்டின் கல்வி வரலாற்றை இந்தக் கண்ணால் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1945 ஒக்டோபர் முதலாந் திகதியிலிருந்து இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கட்டணம் செலுத்தும் பிள்ளை, செலுத்த முடியாத பிள்ளை என்ற பிரிவு அரசாங்கப் பாடசாலைகளில் அத்தோடு மறைந்தது. 1980 இல் பாடநூல்கள் இலவசமாயின. புதுப் புத்தகக்காரி, ராத்தாவின் பழைய புத்தகக்காரி என்ற வேறுபாடு குறைந்தது. 1993 இல் சீருடைத் துணி இலவசமாகக் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் பிள்ளையைப் பிள்ளையிடமிருந்து பிரித்துக் காட்டிய ஒரு பொருளை அரசாங்கம் தன் பொறுப்பில் எடுத்தது. இன்று வெள்ளைச் சீருடையில் வரிசையாக நிற்கும் நமது பிள்ளைகளில் கரைவலைக்காரரின் மகள் யார், மருதமுனைத் தறிக்காரரின் மகள் யார், வைத்தியரின் மகள் யார் என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது.

ஆனால் மணியடித்து இடைவேளை விட்டதும் சொல்ல முடிகிறது. எஞ்சியிருப்பது வீட்டிலிருந்து வரும் பொருட்கள் மட்டுமே. மற்றவை ஒன்றானதால் இவற்றின் மீது விழும் பார்வை இன்னும் கூர்மையாகிவிட்டது. முன்பு சாப்பாட்டை வாழையிலையிலோ லஞ்ச் ஷீட்டிலோ சுற்றிக் கடதாசியில் கட்டி அனுப்பினோம். எல்லாப் பார்சலும் வெளியில் ஒரே மாதிரி இருந்தது. 2017 செப்டெம்பர் முதலாந் திகதியிலிருந்து லஞ்ச் ஷீட்டுக்குத் தடை வந்தது. சுற்றாடலை நினைத்தால் அது சரியான தீர்மானம். ஆனால் அதன் பின் பாடசாலைகளும் பெட்டியையே வற்புறுத்தத் தொடங்கின. பெட்டியோடு பெட்டியின் தராதரமும் வந்து சேர்ந்தது.

பின்னர் வந்தது 2022. அந்த வருடம் மார்ச் மாதத் தொடக்கத்தில் இருநூறு ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதமளவில் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதமாகவும், உணவுப் பொருட்களில் 90 சதவீதத்துக்கு மேலாகவும் உயர்ந்தது. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை பிற்போடப்பட்டது. மண்ணெண்ணெய் இல்லாமல் தோணிகள் கரையில் கிடந்தன. அதன் பின் விலை ஏறும் வேகம் குறைந்தது உண்மை. ஏறிய விலை இறங்கி வரவில்லை. ஒரு காலத்தில் யோசிக்காமல் வாங்கிய பை, சப்பாத்து, போத்தல் எல்லாம் இன்று மாதக் கணக்குப் போட்டு வாங்கும் பொருட்களாகிவிட்டன. ஆனால் பாடசாலையிலிருந்து வரும் “கொண்டு வரவும்” பட்டியல் மட்டும் நெருக்கடிக்கு முந்திய காலத்து நீளத்திலேயே இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். என் அலுமாரியில் மூடியோடு கூடிய கண்ணாடிப் பாத்திரம் ஒன்று இருக்கிறது. பாடசாலையில் ஒன்றுகூடல் என்றால் அதற்கு முதல் நாள் மஃரிபுக்குப் பின் யாராவது அதைக் கேட்டு வருவார்கள். நான் சந்தோசமாகக் கொடுப்பேன். ஒரு வருடம் அது மூன்று வகுப்புகளுக்கு மூன்று பிள்ளைகளின் கையில் போய் வந்தது. அந்த மூன்று முறையும் அது படத்தில் இருந்தது. ஒரு முறை அந்தப் படத்தைக் காட்டி ஓர் உம்மா என்னிடமே கவலைப்பட்டார்: “பாருங்களேன், அந்தப் புள்ளைட வீட்டுல எவ்வளவு வடிவான சாமான். நாங்க எப்படி ஒரு பிளாஸ்டிக் கோப்பைய அனுப்புற?” அது என் வீட்டுப் பாத்திரம் என்று நான் சொல்லவில்லை. இரவல் வாங்கியவரின் மானம் அதில் இருந்தது.

இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். இரவல் வாங்கிய பாத்திரத்தைப் பார்த்து இன்னொருவர் பயப்படுகிறார். அடுத்த முறை அவரும் எங்காவது இரவல் வாங்குவார். அதைப் பார்த்து மூன்றாமவர் பயப்படுவார். ஒருவரும் வைத்திராத ஒரு தராதரத்துக்கு ஊர் முழுக்க அஞ்சி நடக்கிறது. மேசையில் இருப்பவற்றில் எத்தனை அந்தந்த வீட்டுக்குரியவை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு உம்மாவும் தன் வீடு மட்டுமே குறைந்தது என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போகிறாள்.

இரவல் கிடைத்தால் ஒரு நாள் கவலையோடு போகும். கிடைக்காதபோது நடப்பதுதான் பாரதூரமானது. “வயிற்று வலி” என்று சொல்லி அன்றைக்குப் பிள்ளை வீட்டில் நிற்கிறாள். ஒன்றுகூடல் நாட்களிலும் சந்தை நாட்களிலும் வராத பிள்ளைகளின் பெயரை வரவு இடாப்பில் எடுத்துப் பார்த்தால் ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றனவா என்று ஆசிரியைகள் ஒரு தடவை பார்க்கலாம். சாமான் வாங்கக் கைமாற்று எடுக்கும் வீடுகளை நான் அறிவேன். நுண்கடன் தவணைக்கு வைத்திருந்த காசை எடுத்து ஆசிரியர் தினப் பரிசு வாங்கியவரையும் அறிவேன். மனைப்பொருளியல் பாடத்தில் விருப்பமிருந்தும் “செய்முறைக்குச் சாமான் கேட்பார்கள்” என்று வேறு பாடம் எடுத்த மாணவி ஒருத்தி அதை என்னிடம் சாதாரணமாகச் சொன்னாள். சமைக்கவும் தைக்கவும் குடும்பக் கணக்கைத் திட்டமிடவும் கற்றுத் தரும் பாடம் ஒன்றுக்குள், பாத்திரம் இல்லாத காரணத்தால் ஒரு பிள்ளை நுழையவில்லை. இலவசக் கல்வி என்பதன் அர்த்தம் அந்த இடத்தில் நின்று போகிறது.

இன்னுமோர் இழப்பு இருக்கிறது. அது வசதியான பிள்ளைகளுக்கும் நேர்வது. “இது எங்க வாங்கின? எவ்வளவு?” என்று எட்டு வயதில் கேட்கப் பழகும் கண், இருபத்து மூன்று வயதில் சீதன வீட்டின் மாபிளையும் தளபாடத்தையும் அதே கேள்வியோடுதான் பார்க்கும். சீதனத்துக்கு எதிராக நாம் கட்டுரைப் போட்டி வைக்கிறோம். விவாத மேடை அமைக்கிறோம். மேடையில் பேசி முடித்த அதே பிள்ளை இடைவேளையில் பக்கத்துப் பிள்ளையின் பெட்டியைப் பார்த்து முகம் சுளித்தால் அந்தப் பேச்சினால் என்ன பயன்? பொருளால் பெண்ணை அளக்கும் பழக்கம் கலியாண வயதில் திடீரென்று வருவதில்லை. சின்ன வயதில் சின்னப் பொருட்களில் பயிற்சி பெற்றுத்தான் வருகிறது. ஆகவே இதை வெறுமனே பெற்றோரின் மனக்கவலை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

மற்ற நாடுகள் என்ன செய்திருக்கின்றன? 2018 இல் இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள பிளைத் நகரில் புனித வில்பிரட் ஆரம்பப் பாடசாலை, பென்சில் பெட்டி கொண்டுவர வேண்டாம் என்று பெற்றோருக்கு அறிவித்தது. மேசையில் எவருடைய பென்சில் பெட்டி பெரிது என்ற ஒப்பீட்டை நிறுத்துவதே நோக்கம். வேண்டாம் என்று சொன்னதோடு நிற்காமல், தேவையான எழுதுபொருட்களைப் பாடசாலையே எல்லாருக்கும் கொடுத்தது. பாடசாலை நாளில் எந்தெந்த இடத்தில் வறுமை வெளியே தெரிகிறது என்பதை மாணவர்களிடமே கேட்டறியும் ஒரு திட்டத்தின் பின்னணியில் இது நடந்தது. அதே வருடம் பேர்கன்ஹெட் நகரின் வூட்சேர்ச் உயர் பாடசாலை, நூற்றுக்கணக்கான பவுண் பெறுமதியான குளிர் அங்கிகளை அணிந்து வரத் தடை விதித்தது. யப்பானில் 1954 இல் பாடசாலை உணவுக்கென ஒரு சட்டமே இயற்றப்பட்டது. அங்குள்ள ஆரம்பப் பாடசாலைகளில் பிள்ளைகள் முறை வைத்துப் பரிமாற, ஆசிரியரும் பிள்ளைகளும் வகுப்பறையிலேயே ஒரே உணவை உண்கிறார்கள். தமிழ்நாட்டில் காமராசர் 1956 இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் பசிக்கு மட்டும் பதிலாக இருக்கவில்லை. பல சாதிப் பிள்ளைகள் ஒரே வரிசையில் அமர்ந்து சாப்பிடவும் அது வழி செய்தது.

இவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. நமக்கு ஸஹன் இருக்கிறது. ஒரே தாலத்தைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்து உண்ணும்போது யாருடைய சோறு எது, யாருடைய இறைச்சி எது என்று ஒருவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கிறோம். ஹஜ்ஜுக்குப் போகும் ஆண்கள் அனைவரும் தைக்காத இரண்டு வெள்ளைத் துணிகளோடு நிற்கிறார்கள். வேறுபாட்டை வெளியில் விட்டுவிட்டு உள்ளே வருவது எப்படியென்று தெரிந்த சமூகம் நாம். வகுப்பறை வாசலில் மட்டும் அதை ஏன் மறக்க வேண்டும்?

சுனாமிக்குப் பின் நான் பாடசாலைக்குத் திரும்பிய நாட்களும் நினைவுக்கு வருகின்றன. 2004 டிசம்பர் 26 இல் நாட்டிலேயே ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையோரத்தில் வீடென்று சொல்ல ஒன்றும் மிஞ்சாத பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். நிவாரணமாகக் கிடைத்த ஒரே மாதிரிப் பைகளோடு வந்தோம். எவளும் எவளுடைய பையையும் பார்க்கவில்லை. அழிவு தந்த அந்தச் சமத்துவத்தை நான் புகழவில்லை. எவருக்கும் அது வேண்டாம். ஆனால் ஒருவரையொருவர் பொருளால் பார்க்காமல் இருக்க நம்மால் முடியும் என்பதற்கு அந்த நாட்கள் சாட்சி. பேரிடர் வந்தால்தான் முடியுமென்று இருக்கக் கூடாது என்பதே என் எண்ணம்.

எனது கருத்துக்கு மறுப்புகள் உண்டு. “உலகம் இப்படித்தான்; பிள்ளை இப்போதே பழகட்டும்” என்பார்கள். பழகட்டும். ஆனால் வெளியுலகின் ஏற்றத்தாழ்வை மறந்து படிக்க ஓரிடம் வேண்டும் என்பதற்காகவே சீருடை வந்தது. “நான் உழைத்து என் பிள்ளைக்கு நல்லது வாங்கிக் கொடுப்பதைத் தடுக்க யாருக்கு உரிமை?” என்று இன்னொருவர் கேட்பார். நியாயமான கேள்விதான். தன் பிள்ளைக்கு உறுதியான பையும் சூடு காக்கும் பெட்டியும் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. பாடசாலை தானாகப் போட்டி மேடை அமைத்துக் கொடுக்க வேண்டாம் என்றே கேட்கிறேன். “விழாவே வேண்டாம் என்கிறீர்களா?” என்று மாணவிகள் கேட்கலாம். இல்லை. விழா வேண்டும். பிள்ளைகளின் நினைவில் நிற்பது பெரும்பாலும் அந்த நாட்கள்தான். அந்த நாளில் எல்லாப் பிள்ளையும் வந்திருக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுபவை சில.

முதலாவது, தவணை தொடங்கும்போதே அத்தவணைக்குத் தேவையான பொருட்களின் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும். முதல் நாள் இரவு வரும் அறிவித்தல்தான் இரவலுக்கும் கடனுக்கும் வழி வகுக்கிறது. கைவேலைக்குக் கேட்கும் பொருட்கள் எந்த வீட்டிலும் இருப்பவையாக இருக்கட்டும்: சிரட்டை, ஈர்க்கு, பழைய பத்திரிகை, துணித் துண்டு, கடற்கரைச் சிப்பி. மருதமுனைத் தறிகளில் விழும் நூல் துண்டுகளைக் கேட்டு வாங்கினால் ஒரு வருடக் கைவேலைக்குப் போதும். வெறும் டின்களும் பெட்டிகளும் தேவையென்றால் பாடசாலையில் ஒரு பொதுப் பெட்டி வைத்து, வருடம் முழுக்க இருப்பவர் போடவும் எல்லாரும் எடுக்கவும் விடலாம். எது யார் வீட்டிலிருந்து வந்தது என்று எவருக்கும் தெரியாது.

இரண்டாவது, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தொகுதிப் பாத்திரம் வேண்டும். ஐம்பது பீங்கான், ஐம்பது குவளை, பரிமாறும் தட்டுகள், மனைப்பொருளியலுக்குரிய சட்டி கரண்டிகள். இது பெரிய செலவல்ல. பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவிகளும் சேர்ந்தால் ஒரு வருடத்தில் முடியும். நினைவுச் சின்னத்துக்கும் பரிசுக் கேடயத்துக்கும் செலவிடும் காசில் ஒரு பகுதி இதற்குப் போதும். அதன் பின் ஒன்றுகூடலுக்கு உணவு எந்தப் பெட்டியில் வந்தாலும் ஆசிரியர் அறையில் பொதுத் தட்டுக்கு மாற்றிவிட்டு மேசைக்குக் கொண்டு வரலாம். எது யாருடையது என்று பெயர் ஒட்ட வேண்டாம்.

மூன்றாவது, மாணவர் சந்தையில் விற்கும் பொருளுக்கு ஓர் உச்ச விலை வைக்கலாம். முருங்கைக்கீரை, எலுமிச்சை, தேங்காய், வீட்டில் அவித்த கடலை என்று வளவிலும் குசினியிலும் கிடைப்பவை போதும். விற்பதும் கணக்குப் பார்ப்பதும் மிச்சக் காசு கொடுப்பதுமே அங்கு கற்க வேண்டிய பாடம். கடையில் வாங்கிய பொருளைக் கொண்டு வந்து விற்பதில் பிள்ளை எதைக் கற்கிறாள்? ஆசிரியர் தினத்துக்குத் தனித்தனிப் பரிசுகளுக்குப் பதிலாக வகுப்பாக ஒரு வாழ்த்து மடல் கொடுக்கலாம். வேண்டாம் என்று ஆசிரியைகளே முன்கூட்டிச் சொன்னால் பெற்றோருக்குப் பெரிய நிம்மதி.

நான்காவது, படம். பிள்ளைகள் சிரிப்பதைப் படம் எடுங்கள்; மேசையை எடுக்க வேண்டாம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வீட்டுக்கு வந்து “இன்னாரின் பெட்டி பழசு” என்று சொன்னால் சிரித்துவிட்டு விடாதீர்கள். அந்த இடத்தில் நாம் சொல்லும் ஒரு வசனம்தான் பிள்ளையின் கண்ணை உருவாக்குகிறது. அதைப் போலவே, பிள்ளை நல்ல பாத்திரம் கேட்டு அழுதால் நமது நிலைமையை மறைக்காமல் சொல்லலாம். வருமானத்தை அறிந்து வளரும் பிள்ளை வெட்கப்படும் பிள்ளையாக வளர வேண்டும் என்று கட்டாயமில்லை. நாம் வெட்கப்படுவதைக் காணும்போதுதான் அவள் வெட்கப்படக் கற்கிறாள்.

மாணவிகளே, உங்களிடம் கேட்பது மிகச் சிறியது. இடைவேளையில் ஒருத்தி பெட்டியின் மூடியை முழுவதும் திறக்காமல் கையால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டால், பார்க்காதது போல் இருப்பது ஒரு நல்ல பண்பு. அதைவிட நல்லது, உங்கள் பெட்டியை நடுவில் வைத்து “வா, சேர்ந்து சாப்பிடுவோம்” என்பது. அவளுடைய பிட்டும் சம்பலும் உங்கள் நூடில்ஸைவிட ருசியாக இருக்கலாம். விலை கேட்க வாய் வரும்போது “யார் சமைத்தது?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளையும் தலை குனிய மாட்டாள். “எங்கட உம்மா” என்று தலை நிமிர்ந்துதான் சொல்வாள்.

இதெல்லாம் அதிபரின் கையெழுத்தோ அமைச்சின் சுற்றுநிருபமோ தேவைப்படும் காரியங்கள் அல்ல. ஒரு வகுப்பின் பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடத்தில் தீர்மானிக்கக் கூடியவை. எவரும் தொடங்காத காரணத்தால்தான் தொடங்கவில்லை. அடுத்த தவணைக் கூட்டத்தில் பொதுப் பாத்திரத் தொகுதி பற்றி நான் கையுயர்த்திக் கேட்கப் போகிறேன். பக்கத்தில் இன்னும் இரண்டு உம்மாமார் கையுயர்த்தினால் போதும்.